கண்ணளவுக்கும் கணக்கு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பாட்டிமாரைப் பற்றி வாசகர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: “அந்தக் கைமணம் இனி யாருக்கும் வராது.” அப்பத்தா, அம்மாச்சி, ஆச்சி, அம்மாயி என்று அழைக்கும் பெயர் ஊருக்கு ஊர் மாறினாலும் இந்த வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வராது என்பது பாதி உண்மை. கிழவிக்குக் கையில் ஏதோ வரம் இருந்தது என்று சொல்லி முடித்துக்கொள்வது நமக்கு வசதி. உள்ளபடி, அவர் கண்ணளவு என்று சொன்னது எல்லாம் அளவுதான். ஒரே டம்ளர், ஒரே கரண்டி, ஒரே உள்ளங்கை என்று ஐம்பது வருடம் அளந்த அளவு. அதை யாரும் தராசில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்துப் பார்க்கலாம். போன பிறகும் ஓரளவு மீட்கலாம்.

முதலில் பாத்திரம். இன்றைக்கு எண்பது வயதைத் தாண்டியவர்கள் அடுப்படிக்குள் நுழைந்த காலத்தில் வீட்டில் புழங்கியது படியும் பலமும்தான். மெட்ரிக் எடை 1958 அக்டோபரில் தொடங்கி 1962-க்குள் கட்டாயமானது. கடையில் மாறியதே தவிர, அடுப்படியில் மாற இன்னும் நெடுநாள் ஆனது. ஆகவே பாட்டி “அரை வீசை மிளகாய்” என்றால் 700 கிராம்; “ரெண்டு பலம் மல்லி” என்றால் 70 கிராம். பலம் சுமார் 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை. இதுவரை குழப்பம் இல்லை. குழப்பம் படியில்தான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்ற வாய்ப்பாடு எங்கும் ஒன்றுதான். ஆனால் படியே ஒன்றல்ல. சின்னப்படி, பட்டணம்படி என்று வேறு வேறு இருந்தன. அதனால் ஆழாக்கு என்பது ஒரு வீட்டில் 170 மில்லி, அடுத்த வீட்டில் 200-க்கும் மேல். ஒரு வீட்டுப் பக்குவத்தை இன்னொரு வீட்டு ஆழாக்கால் செய்தால் இட்லி கல்லாவதில் வியப்பு இல்லை.

இதற்கு வழி எளிது. பாட்டி அரிசி அளக்கும் அந்த ஆழாக்கையோ, பழைய ஹார்லிக்ஸ் மூடியையோ, பிடி நசுங்கிய டம்ளரையோ தராசில் வைத்து எடையைப் பூச்சியமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி அதன் கொள்ளளவு. அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள். பிறகு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அவர் தலைதட்டி அளக்கிறாரா, கோபுரமாக அளக்கிறாரா? வாய் அகன்ற பாத்திரத்தில் கோபுரம் கட்டினால் கால் பங்கு வரைகூடக் கூடிவிடும். பெரும்பாலான வீடுகளில் அரிசி கோபுரம், உளுந்து தலைதட்டி. கேட்டால் “ஒரே அளவுதான்டி” என்பார்கள். கேட்காதீர்கள், பாருங்கள்.

அடுத்தது கையளவு. “மூணு விரல் உப்பு” என்பதை எடை போட முடியாது என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு சிட்டிகையை எடை போடப் பார்த்தவர்கள். வீட்டுத் தராசு இரண்டு, மூன்று கிராமுக்குக் கீழே சரியாகக் காட்டாது. பாட்டியிடம் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, சமைக்கும்போது எடுப்பது போலவே பத்து முறை எடுத்துப் போடச் சொல்லுங்கள். மொத்தத்தைப் பத்தால் வகுங்கள். கைப்பிடிக்கு மூன்று முறை போதும். உப்பில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அவர் போட்டது கல் உப்பு. நம் வீட்டில் இருப்பது தூள். கல் உப்பில் பரல்களுக்கு நடுவே காற்று நிற்கும். அதே கரண்டியில் தூள் உப்பை அள்ளினால் உப்பு கூடுதலாக ஏறி, குழம்பு கரிக்கும். எடையில் குறித்து வைத்தால் இந்தச் சிக்கல் வராது. புளியும் அப்படியே. எலுமிச்சை அளவு என்பது 30 முதல் 40 கிராம், நெல்லிக்காய் அளவு என்பது அதில் பாதிக்கும் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கறுத்த பழம்புளியா, சிவந்த புதுப்புளியா என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

அளந்து எழுதுவது எப்படி என்பதற்கு, வேறு எதைக் காட்டிலும் எளிதில் கைநழுவிப் போகும் ஒரு பண்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: குழம்பு தாளிக்க வெங்காயத்தில் உருட்டிக் காயவைக்கும் தாளிப்பு வடகம். தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பக்கம் மாசி பிறந்தால் பாட்டிகளுக்கு இருப்புக் கொள்ளாது. காரணம் வெயில் மட்டுமல்ல. சின்ன வெங்காயம் மலிவாகக் கிடைக்கும், பனி நின்றிருக்கும், மழை தொடங்கியிருக்காது. இந்த மூன்றும் ஒன்றாக வாய்ப்பது மாசி, பங்குனி, சித்திரையில்தான்.

உரித்த சின்ன வெங்காயம் 1 கிலோவுக்குக் கணக்கு இப்படி: உரித்த பூண்டு 100 கிராம், தோல் நீக்கி உடைத்த உளுந்து 100 கிராம், கடுகு 25, சீரகம் 25, வெந்தயம் 10 முதல் 15 கிராம், மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி, கல் உப்பு 40 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, விளக்கெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. சில வீடுகளில் சோம்பு உண்டு, சில வீடுகளில் கூடவே கூடாது. அதுபற்றிச் சண்டை போட வேண்டாம். வெந்தயம் மட்டும் 15-ஐத் தாண்ட வேண்டாம், வடகம் கசக்கும். விளக்கெண்ணெய் வாங்கும்போது கவனம் தேவை. கடையில் விளக்கேற்ற என்று விற்பது வேறு, உண்ணத்தக்கது வேறு. புட்டியில் உணவுக்கானது என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பாட்டி காலத்தில் வீட்டிலேயே ஆமணக்கு காய்ச்சி எடுத்ததால் இந்தக் கேள்வி எழவில்லை.

வெங்காயத்தை இரண்டாக நறுக்கி, துணியில் பரப்பி, அரை நாள் வெயில் காட்டுங்கள். மேல் ஈரம் இறங்கியதும் உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். பலர் தவறுவது இங்கேதான். மிக்சியில் போட்டு ஒரு சுற்றுக் கூடுதலாக விட்டுவிட்டால் வெங்காயம் விழுதாகிவிடும். விழுதில் சாறு வெளியே வந்து நிற்கும், உருண்டை பிடிக்காது, இரண்டாம் நாளே புளிப்பு வாடை அடிக்கும். உரல் இல்லையென்றால் கத்தியால் பொடியாக நறுக்குவது மேல். பூண்டையும் அப்படியே தட்டிக்கொள்ளுங்கள். உளுந்தை ஊற வைக்கக்கூடாது. காய்ந்த உளுந்துதான் வெங்காயத்தின் நீரை இழுத்துக்கொண்டு உருண்டையை இறுக்கும். எண்ணெய் நீங்கலாக எல்லாவற்றையும் பிசறி, மண்சட்டியிலோ பீங்கான் பாத்திரத்திலோ ஓர் இரவு மூடி வையுங்கள். அலுமினியம் வேண்டாம். உப்பும் வெங்காயச் சாறும் அதை அரிக்கும், வடகமும் கறுத்துப் போகும்.

மறுநாள் காலையில் பிழிந்து, எலுமிச்சைக்குச் சற்றுச் சிறிய உருண்டைகளாகப் பிடித்துப் பாயில் விரித்த வெள்ளைத் துணியில் வையுங்கள். சட்டியில் தங்கிய சாற்றைக் கொட்டக்கூடாது. அதையும் பக்கத்திலேயே வெயிலில் வையுங்கள், கைமணம் என்று சொல்வதில் பெரும்பங்கு அந்தச் சாற்றில் இருக்கிறது. மாலையில் உருண்டைகளை உதிர்த்து அதே சாற்றில் போட்டுப் பிசறி மூடுங்கள். அடுத்த நாள் மீண்டும் பிழி, உருட்டு, காய வை. மூன்று அல்லது நான்கு நாளில் சாறு முழுக்கச் சுண்டி உள்ளே ஏறிவிடும். அதன் பிறகு உதிர்ப்பதில்லை. உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டையை அழுத்தி உருட்டி, முழு உருண்டையாகவே இன்னும் ஐந்தாறு நாள் காய விடுங்கள். எண்ணெய் மேலே பளபளப்பு ஏற்றி, வெடிப்பு விடாமல் பிடித்துக்கொள்ளும். பூச்சி அண்டாது என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணம்.

காய்ந்துவிட்டதா என்று மேலே தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்றை உடைத்து நடுவில் விரல் வையுங்கள். ஒட்டினால் இன்னும் இரண்டு நாள். எவர்சில்வர் தட்டில் போட்டால் கல் விழுந்தது போல் ஓசை வர வேண்டும். உருண்டையைப் பெரிதாகப் பிடித்திருந்தால் மேலோடு இறுகி உள்ளே ஈரம் சிறைப்படும்; ஆவணியில் டப்பாவைத் திறக்கும்போது நடுவில் பூஞ்சை தெரியும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு ஜாடியில் அடைத்தாலும் அதே கதி, மூடியின் உட்புறம் வேர்க்கும். நிழலில் முழுக்க ஆறிய பிறகே அடைக்க வேண்டும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பயப்படும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். கரைந்தால் உப்பு. பஞ்சுபோல் நின்று முக்கல் வாடை அடித்தால் பூஞ்சை. தட்டிவிட்டுச் சாப்பிடலாம் என்ற பேச்சே வேண்டாம், ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு கிலோவில் சுமார் 400 கிராம் வடகம் கிடைக்கும். வருடத்துக்குப் போதுமா என்றால் போதாது. அதனால்தான் அந்தப் பக்கத்துப் பாட்டிகள் ஒரே மூச்சில் பத்துக் கிலோ வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்கள், பேரன் பேத்திகளையும் உட்கார வைத்தார்கள். தாளிக்கும்போது வடகத்தை உதிர்த்து, எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் போட்டு, அடுப்பைத் தணித்துவிடுங்கள். வெங்காயத்தில் சர்க்கரை இருப்பதால் கடுகு வெடிக்கக் காத்திருக்கும் நேரத்தில் அது கருகிவிடும். கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும்.

கூழ் வடாத்துக்கு இவ்வளவு நுணுக்கம் கிடையாது. ஒன்று மட்டும்: கூழாக இருக்கும்போது நாக்குக்கு உப்பு சரியாக இருந்தால், காய்ந்து பொரித்த பிறகு கரிக்கும். தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. கூழில் உப்பு ஒரு பிடி குறைவாகத் தெரிய வேண்டும். பாட்டிகள் வடாத்துக் கூழை வாயில் வைத்துவிட்டு “சப்புனு இருக்கு, சரியா இருக்கு” என்று சொல்வதன் பொருள் இதுதான்.

பாட்டி வழியாக வந்த பாத்திரங்களில் அதிகம் பாழாவது ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. புதிதாக வீட்டுப் பொறுப்புக்கு வந்தவர்கள் அதைப் பரணிலிருந்து இறக்கி, அடுப்பில் வைத்துச் சூடேற்றிவிட்டுப் புளித்தண்ணீரை ஊற்றப் போவார்கள். அதற்குள் அடி ஒழுகிவிடும். வெள்ளீயம் உருகுவது 232 பாகை செல்சியஸில்; கேஸ் அடுப்பின் தீ அதைவிட எத்தனையோ மடங்கு சூடு. உள்ளே நீர் இருக்கும்வரை சொம்பு நீரின் கொதிநிலையைத் தாண்டாது, அதனால் உருகாது. ஆகவே முதலில் புளித்தண்ணீர், பிறகு அடுப்பு. தீ பக்கவாட்டில் ஏறக்கூடாது, நீர் எட்டாத இடத்தை அது தொட்டால் அங்கே ஓட்டை. தாளிப்பு வேறு கரண்டியில். பருப்பை வேறு பாத்திரத்தில் வேகவைத்துக் கரைத்து ஊற்றி, ரசம் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். இடுக்கியால் விளிம்பை அழுத்திப் பிடித்தாலும் நசுங்கும், துணி பிடித்து இறக்குங்கள். இரும்பு நாரால் தேய்க்க வேண்டாம். இன்னொன்று: ஈயச்சொம்பு வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். காரீயம் நஞ்சு. வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடுபோல் கறுப்பாக எழுதும் சொம்பு எந்தப் பாட்டியுடையதாக இருந்தாலும் அலமாரியில் அழகுக்கு நிற்கட்டும்.

பித்தளைக் காப்பி பில்டரும் அப்படித்தான், உள்ளே ஈயப்பூச்சு போயிருந்தால் பூசக் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதன் ஓட்டைகள் அடைத்துக்கொண்டு டிகாஷன் இறங்காமல் நிற்பது பெரும்பாலும் தூள் மிக நைசாக இருப்பதால், அல்லது மேலே அமுக்குக் கட்டையால் இறுக்கி அழுத்துவதால். பாட்டிகள் எவர்சில்வர் பில்டரின் அடித்தட்டை அடுப்புத் தீயில் ஒரு நிமிடம் காட்டுவார்கள். அடைத்திருக்கும் தூள் கருகி உதிர்ந்துவிடும், பிறகு கழுவினால் போதும். ஈயம் பூசிய பித்தளையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், காரணம் மேலேயே சொல்லியாயிற்று.

அடுப்படி ஒன்றே பாட்டி அல்ல. மதியம் பாத்திரம் கவிழ்த்த பிறகு மூன்று மணி வரை அவருக்கென்று ஒரு பொழுது இருந்தது. அதில் பல்லாங்குழியும் தாயமும் வெற்றிலையும் இருந்தன. நினைவுக் குறிப்புகள் இந்தப் பொழுதை “ஓய்வு நேரத்தில் விளையாடுவார்” என்று ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எந்த விதியில் விளையாடினார்? அது வீட்டுக்கு வீடு வேறு, அதுவும் எழுதப்படவில்லை.

பல்லாங்குழிக்குப் பரவலாக உள்ள விதி இது. பதினான்கு குழி, ஆளுக்கு ஏழு. குழிக்கு ஐந்து காய் என்றால் மொத்தம் 70, ஆறு என்றால் 84. தன் பக்கத்து ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுக்கொண்டே போவது. கடைசிக் காயை இட்டதும் அடுத்த குழியில் காய் இருந்தால் அதை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளது அவருக்கு. அங்கும் வெறுமை என்றால் ஒன்றும் இல்லை. ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியில் நான்கு காய் சேர்கிறதோ அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். அடுத்த சுற்றில், கையில் உள்ள காயை வைத்து எத்தனை குழி நிரப்ப முடியுமோ அத்தனைதான். நிரம்பாத குழி ஆட்டத்தில் இல்லை. நீங்கள் எழுத வேண்டியவை மூன்று: குழிக்கு எத்தனை காய், எந்தப் பக்கமாகச் சுற்று, பசு எத்தனை. இவை மாறினால் ஆட்டமே வேறாகிவிடும். பேரன் பேத்தி இரண்டு பேரும் “பாட்டி இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க” என்று சண்டையிடும் வீடுகளில் பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரி. ஒருவருக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி, மற்றவருக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி.

காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோ மஞ்சாடியோ போதும். பழைய பெட்டியில் குன்றிமணி இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு உள்ளது குன்றிமணி, முழுச்சிவப்பு மஞ்சாடி. குன்றிமணியைக் கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதன் உள்ளே கடும் நஞ்சு இருக்கிறது. பாட்டி காலத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். முழுதாக விழுங்கினால் ஓடு கெட்டியாக இருப்பதால் அப்படியே வெளியேறிவிடலாம்; உடைந்தால்தான் வினை.

தாயக்கட்டைக்கும் ஒரு குறிப்பு. பித்தளைக் கட்டை இரண்டு, பக்கங்களில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு கட்டை வெறுமையும் மற்றது ஒன்றும் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மீண்டும் உருட்டலாம். கட்டத்தை மட்டும் எல்லா வீட்டிலும் சாக்பீஸால் தரையில் போட்டார்களே தவிர யாரும் தாளில் போட்டு வைக்கவில்லை. ஒரு படம் எடுத்து வையுங்கள், போதும்.

வெற்றிலை பற்றி நினைவுக் குறிப்புகள் உருகி எழுதுகின்றன. சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் வெற்றிலைப் பெட்டியான செல்லத்தைக் காப்பது வேறு, பழக்கத்தைக் காப்பது வேறு. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அதனால் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தைத் துலக்கி வையுங்கள், அதிலுள்ள பாக்கைப் பேரப்பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டாம். சுண்ணாம்பு டப்பியில் இறுகிய சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்டினால் பித்தளை கீறும். புளித்தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டால் தானே கழலும். பாக்குவெட்டியின் இரும்புப் பகுதிக்குத் தேங்காய் எண்ணெய் மெல்லிய பூச்சாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

பட்டுப்புடவைகளைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மடிப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அதே கோட்டில் ஜரிகை இற்றுப்போகும். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும், பழைய பருத்தி வேட்டியில் சுற்றினால் போதும். பாட்டியின் நூல்புடவைகளைத்தான் யாரும் மதிப்பதில்லை. அவை துவைத்துத் துவைத்துக் குழந்தைக்குத் தூளி கட்டவென்றே பதமானவை. கட்டும் முன் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு கையாலும் குறுக்கே ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். ‘சர்’ என்று நூல் பிரியும் ஓசை கேட்டால் தூளிக்கு ஆகாது. இடுப்பில் செருகும் பகுதியும் கால்படும் பகுதியும் முதலில் இற்றிருக்கும், அவற்றைத் தள்ளி நடுப்பகுதியை எடுங்கள்.

பாட்டி உயிரோடு இருந்தால் குரலைப் பதிவு செய்யுங்கள். உட்கார வைத்து “சொல்லுங்க பாட்டி” என்றால் “என்னத்தச் சொல்ல” என்பதற்கு மேல் ஒன்றும் வராது. கையில் வேலை இருக்கும்போதுதான் பேச்சு வரும். கீரை ஆய்கையில், பூத்தொடுக்கையில், வெங்காயம் உரிக்கையில் போனை ஒரு முழத்துக்குள் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். விசிறிச் சத்தம்தான் பாதிப் பதிவுகளைக் கெடுக்கிறது. கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். உங்க ஊர்க் குளத்துக்கு என்ன பேர்? கல்யாணத்துக்கு யார் சமையல்? மூத்தவளுக்கு என்ன தாலாட்டு பாடுனீங்க? பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கோப்புக்கு “பதிவு 14” என்று பெயர் வைத்தால் ஐந்து வருடம் கழித்து யாரும் திறக்க மாட்டார்கள். தேதி, பாட்டியின் பெயர், பேசிய பொருள் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே போடுங்கள். போனில் மட்டும் விடாமல் குறைந்தது இன்னும் ஓர் இடத்தில் பிரதி இருக்கட்டும்.

பாட்டி போய்விட்ட வீடுகளுக்கு: அவருடைய கரண்டியும் டப்பாவும் இன்னும் இருக்கும், அவற்றின் அளவு கிடைக்கும். அவர் தங்கைமார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரர் யாராவது இருப்பார்கள், முறை கிடைக்கும். அதை வைத்துச் செய்து பாருங்கள். சரியாக வராவிட்டால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உப்பு, புளி, எண்ணெய், அடுப்பு நான்கையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது. பழைய அரிசியா புது அரிசியா, செக்கு நல்லெண்ணெயா கடை எண்ணெயா, அம்மியா மிக்சியா என்ற வரிசையில் தேடினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மிக்சி சூடேற்றும், அம்மி ஏற்றாது. துவையலில் நாக்கு உணரும் வேறுபாட்டில் பாதி அதுதான்.

இனி, ஆசிரியரிடம் இரண்டு வேண்டுகோள்.

தங்கள் நாளிதழில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்களில் பாட்டியின் படம் பெரும்பாலும் மங்கலாக வருகிறது. மாலை போட்ட சட்டகத்தைக் குழல்விளக்கின் கீழ் போனில் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கண்ணாடியின் பிரதிபலிப்பும் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதும் சேர்ந்து முகத்தை அழித்துவிடுகின்றன. படத்தைச் சட்டகத்திலிருந்து எடுத்து 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்ய வேண்டும், கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்க முயலாமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்ய வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும் என்று விளம்பரப் படிவத்தில் மூன்று வரி அச்சிட்டால் நன்றாக இருக்கும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும் என்பதையும் சேர்த்து.

மற்றது, அந்த விளம்பரங்களில் கணவர் பெயர், கணவர் ஊர், மகன்கள், மருமகள்கள் எல்லாம் இருக்கின்றன. பாட்டி பிறந்த ஊர் இருப்பதில்லை. அவர் கையில் இருந்த பக்குவம் பெரும்பாலும் அந்த ஊரிலிருந்து, அவர் அம்மாவிடமிருந்து வந்தது. மன்னார்குடியில் வாழ்ந்த ஒரு பாட்டியின் குழம்பு ஏன் அந்தத் தெருவில் யார் வீட்டுக் குழம்பு போலவும் இல்லை என்றால், அவர் காரைக்குடிப் பக்கத்துப் பெண்ணாக இருந்திருப்பார். படிவத்தில் தோற்றம், மறைவு என்று இருக்கும் இரண்டு கட்டங்களுக்கு நடுவே ‘பிறந்த ஊர்’ என்று மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டுகிறேன். அதற்கு எத்தனை சென்டிமீட்டர் கூடுதலாகுமோ, அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.